எதிர் நாற்காலி நோயாளி

உணவு நல்லுறவு மையத்தில் எல்லாமே ரோஸ் நிறம். சுவர் ரோஸ், திரைச்சீலை ரோஸ், கை கழுவும் தொட்டிகூட ரோஸ். உள்ளே நுழைந்ததும் எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு படம். அதில் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில், 'நீ அழகி. நீ சாப்பிடு' என்று எழுதியிருந்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் லிஃப்ட்காரன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு கிரீஸ் ஏறிய நகங்களைப் பேன்ட் பைக்குள் ஒளித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனான்.

"பேஷன்ட் எங்க சார்?" என்றாள் வரவேற்புப் பெண்.

"நான்தான்."

"நீங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க, சரி. அவங்க எங்க?"

"கூட யாரும் வரல மேடம். எனக்குத்தான் பிரச்சினை. சாப்பிட முடியல. சாப்பிட்டாலும் உள்ள வெச்சுக்க முடியல."

வரவேற்புப் பெண் நல்லவள். சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிப் பார்த்தாள்.

"சார், பேஷன்ட் பக்கத்துல 'செல்வி'யா 'திருமதி'யான்னு மட்டும்தான் கேக்குது. உங்களை எதுல போட?"

"வேற வழி இல்லையா?"

"துணையாள் பக்கத்துல 'திரு' இருக்கு. இப்போதைக்கு அதுல போட்டுடறேன். உள்ள போய் டாக்டர்கிட்ட சொல்லிக்கோங்க. எப்படியாவது உள்ள நுழைஞ்சுட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி எத்தனையோ பேர் எத்தனையோ கட்டடங்களில் கிழவர்களாகியிருக்கிறார்கள். லிஃப்ட்காரனுக்கு அது தெரியாது. அவனுக்கு முப்பத்தொரு வயதுதான்.

வரவேற்புப் பெண் அவன் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றை மாட்டினாள். ரோஸ் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். "இது உங்க பேஷன்ட்டுக்கு. வந்ததும் கட்டிடுங்க. ரெண்டு பட்டையையும் சேத்துக் காட்டினாத்தான் வெளிக்கதவு திறக்கும்." முன்பெல்லாம் கணவர்கள் மனைவிமாரை உள்ளே விட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விடுவார்களாம். அதனால் நோயாளி இல்லாமல் துணையாள் வெளியே போகக் கூடாது என்று விதி வந்தது. நல்ல விதி. லிஃப்ட்காரன் உள்ளே போனதும் கதவு பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கதவுகளோடு பழகியவன் என்பதால் அதுவும் நல்ல கதவு என்று அவனுக்குப் பட்டது.

அவன் இங்கே வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. லிஃப்ட் பழுது பார்க்கும் குழுவில் வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள் குழு முழுவதும் கருவிப் பெட்டிகளோடு ஒரு லிஃப்டில் ஏறியது. கடைசியாக இவன் காலை வைத்ததும் எடை அதிகம் என்று மணி அலறியது. எல்லோரும் சிரித்தார்கள். "இறங்குடா மூட்டை." இறங்கினான். தனியாகப் படி ஏறினான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்புறம் மெல்ல மெல்ல, சாப்பிடாமல் இருப்பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் வந்தது. சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் வாந்தியெடுத்துவிடுவதிலும் வந்தது. மணி அடிப்பது நின்றது. 'மூட்டை' என்று கூப்பிட்டவர்களே, "செம ஃபிட்டாயிட்டே, என்னடா பண்றே?" என்று கேட்டார்கள். அவர்களில் யாராவது பதிலுக்குக் காத்திருந்தால் சொல்லியிருப்பான்.

ஒருத்தி காத்திருந்தாள். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளிலேயே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். இவன் மாட்டேன் என்றான். அவள் சண்டை போடவில்லை. எதிரே உட்கார்ந்து தன் ஆபீஸ் வம்புகளைச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். அவள் முடித்துவிடுவாள், இவன் தட்டில் பாதி இருக்கும். எழ மாட்டாள். சாப்பிட்ட கை அப்படியே காய்ந்து வறண்டு போகும். "போய்க் கை கழுவேன்" என்பான். "நீ முடி. சேந்து கழுவலாம்" என்பாள். அந்தக் காய்ந்த கையைப் பார்த்துப் பார்த்தே நாலு வருஷம் சாப்பிட்டான். போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மேசையருகே ஒரு நாற்காலி மிச்சமாயிற்று.

போன வாரம் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று வேலை செய்யும்போது கண் இருட்டிவிட்டது. குழுத் தலைவர் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டார். தரையில் இறங்கியதும் பேசினார்.

"டேய், நீ விழுந்தா உனக்கு ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். நான் ஆயுசு பூரா அந்த சத்தத்தக் கேட்டுட்டு இருக்கணும். சரியாகிட்டு வா. ஆகாம இந்தப் பக்கம் வந்தே, காலை உடைச்சுடுவேன்."

அவருக்குத் தெரிந்த அன்பு அது. லிஃப்ட்காரன் முதல் தடவையாகத் தானாகவே ஒரு மருத்துவமனையைத் தேடி வந்தான்.

மதியம் மணி அடித்ததும் தலைமை நர்ஸ் அவனைச் சாப்பாட்டுக் கூடத்தில் பதினோராம் மேசைக்கு அழைத்துப் போனாள். எதிர் எதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவனை உட்காரவைத்தாள். ரோஸ் பட்டையை வாங்கி, தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று எதிர் நாற்காலியின் கைப்பிடியில் கட்டினாள். பரிமாறும் பெண் வந்து பட்டை இருந்த பக்கம் தட்டை வைத்தாள். சோறு, பருப்பு, அவித்த முட்டை, காய், ஒரு பழம்.

"சிஸ்டர், ஒரு விஷயம் சொல்லணும். பேஷன்ட் வந்து..."

"வரட்டும். அதுக்குள்ள நீங்க பழகிக்கோங்க. மொகத்தைப் பாத்து, சிரிச்சு, 'நான் இருக்கேன், இன்னும் ஒரு வாய்'னு சொல்லணும். எங்க, சொல்லுங்க."

"நாற்காலியில ஆளே இல்லையே."

"ஆள் வந்தப்புறம் பழகுவீங்களா? ஆம்பளைங்களுக்கு எல்லாமே கடைசி நேரம்தான். சொல்லுங்க."

லிஃப்ட்காரன் காலி நாற்காலியைப் பார்த்தான். "நான் இருக்கேன். இன்னும் ஒரு வாய்."

"குரல்ல உணர்ச்சி இருக்கு. சத்தம்தான் பத்தாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அரை மணி கழித்து வந்தாள். தட்டு வைத்தபடியே இருந்தது. நாற்காலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு வாய்கூட எடுக்கல. மொத நாளே இப்படியா?"

அன்றிலிருந்து பதினோராம் மேசை நோயாளி மையத்தின் தலைவலியாகிவிட்டாள். காலையில் சாப்பிடவில்லை, மதியம் சாப்பிடவில்லை, மாலைப் பாலைத் தொடவில்லை. இவ்வளவு பிடிவாதத்தை மையம் அதுவரை கண்டதில்லை. முதலில் தட்டைப் பெரிதாக்கினார்கள். பிறகு சலுகைகளைப் பறித்தார்கள். நாற்காலியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள், டி.வி. பக்கம் திருப்பி வைக்கக் கூடாது என்றார்கள். மனநல ஆலோசகர் வந்து நாற்காலியோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "மனசைத் திறக்க மாட்டேங்கறாங்க. ஆனா நான் பேசும்போது ஒரு தடவைகூடக் குறுக்கிடல. ரொம்ப நல்லாக் கேட்டுக்கறாங்க" என்றார்.

பழி துணையாள்மேல் விழுந்தது. கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி தலைமை நர்ஸ் கேட்டாள்.

"என்ன புருஷன் சார் நீங்க? பொண்டாட்டி பட்டினி கிடக்கறா, எதிர்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க."

"என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா சிஸ்டர்."

தலைமை நர்ஸ் அவன் தோளில் கை வைத்தாள். குரல் இளகியது.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? அப்படியெல்லாம் பேசக் கூடாது. எங்க கைக்கு வந்த யாரையும் நாங்க விட்டதில்ல. அவங்க தேறி வருவாங்க, சாப்பிடுவாங்க. நீங்க நம்பிக்கைய விட்டுடாதீங்க."

இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். பல நாள் கேட்டபின் பார்க்க விட்டார்கள்.

இயக்குநர் ஒல்லியான மனிதர். மேசையில் கறுப்புக் காபி. மேசைக்கடியில் எடை பார்க்கும் இயந்திரம். லிஃப்ட்காரன் எல்லாவற்றையும் சொன்னான். மணி அலறியதிலிருந்து லிஃப்ட் பெட்டிமேல் கண் இருட்டியதுவரை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே மூச்சில் சொன்னான். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார்.

"தம்பி, ஆண்களுக்கு இந்த நோய் வராது. நான் சொல்லல, ஆய்வு சொல்லுது. இந்த மையம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு ஆண்கூட இங்க நோயாளியா வந்ததில்ல."

"ஆண்களைச் சேத்துக்கறது இல்லையே சார்."

"வராத நோய்க்கு எதுக்குச் சேக்கணும்?" என்றார் இயக்குநர் அன்பாக. "நீங்க சொல்றதெல்லாம் எனக்குப் புரியுது. என்னையே எடுத்துக்கோங்க. நான் பகல்ல சாப்பிடறதே கிடையாது. காலையில எடை பாப்பேன், சாயந்திரம் எடை பாப்பேன். ராத்திரி கூடிப்போச்சுன்னா விடியற வரைக்கும் மொட்டை மாடியில நடப்பேன். ஒரு கல்யாண விருந்துல ரெண்டு வாய் இனிப்பு சாப்பிட்டுட்டு ஒரு வாரம் என் மூஞ்சியவே கண்ணாடியில பாக்கல. என் மனைவிகூட அழுதா. இதையே ஒரு பொண்ணு செஞ்சா உடனே இங்க சேத்துடுவேன். நான் செஞ்சா அதுக்குப் பேரு கட்டுப்பாடு. நீங்களும் கட்டுப்பாடான ஆள்தான். அதுக்குப் போய் வெக்கப்படலாமா?"

காபிக் கோப்பையைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. லிஃப்ட்காரன் அந்தக் கையைப் பார்த்தான். தன் கையும் அப்படி நடுங்கித்தான் ஸ்பானர் பலமுறை நழுவியிருக்கிறது.

"சார், நீங்க யார்கிட்டயாவது..." என்று ஆரம்பித்தான்.

"போய் உங்க மனைவியக் கவனிங்க" என்றார் இயக்குநர்.

அடுத்த மேசையில் ஒரு கல்லூரிப் பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அம்மா துணையாள், பெண் நோயாளி. கொறிக்கிற அழகுக்கு அவளைக் குருவி என்று கூப்பிட்டார்கள். இயக்குநர் அறையிலிருந்து திரும்பி வந்தவனைப் பார்த்துக் குருவி கழுத்தை நீட்டினாள்.

"அண்ணா, நீங்கதானே பேஷன்ட்?"

லிஃப்ட்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"துணைக்கு வந்தவங்க தட்டைத் தட்டாத்தான் பாப்பாங்க. பாம்பு படுத்திருக்கற மாதிரி பாக்கறது நாங்கதான். மொத நாளே தெரிஞ்சுபோச்சு. அம்மாகிட்டகூட சொன்னேன்."

"இவங்களுக்கு மட்டும் ஏன் தெரியல?"

"இவங்க படிச்சுட்டு வந்திருக்காங்க. நாங்க பட்டுட்டு வந்திருக்கோம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு சொல்றேன். அந்தத் தட்டு காலியானா உங்க பேஷன்ட்டுக்குக் குணமாயிடும். அவங்களுக்கு குணமானா உங்களுக்குக் கதவு திறக்கும். நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுவும் நடக்கும். சாப்பிடுங்க."

"துணையாள் பேஷன்ட் சாப்பாட்டைத் தொடக் கூடாதாமே."

"சாப்பிடறதுக்குப் பயமா, சிஸ்டருக்குப் பயமா?"

பதில் அவள் கேள்வியிலேயே இருந்தது. லிஃப்ட்காரன் எதிர்ப்பக்கத் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தான். முதல் வாய் நாக்கில் மண்ணாகக் கிடந்தது. முழுங்கியதும் மண்டைக்குள் அந்த மணி அலற ஆரம்பித்தது. இறங்கு, இறங்கு. எதிர் நாற்காலியைப் பார்த்தான். ரோஸ் பட்டை மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது. இன்னும் ஒரு வாய். அவ்வளவுதான் முடிந்தது. அன்றைக்கு அது பெரிய காரியம்.

சாப்பிடுவது பாதிதான். அப்புறம் வரும் ஒரு மணி நேரம்தான் மீதி. அந்த நேரத்தில் நோயாளிகளின் கழிப்பறையை மையம் பூட்டி வைத்திருக்கும். ஆண்கள் கழிப்பறையைப் பூட்டுவதில்லை. எதற்குப் பூட்ட வேண்டும்? அது கூடத்தின் கோடியில் வாயைத் திறந்துகொண்டு இவனுக்காகவே காத்திருந்தது. எழுந்தான்.

"தம்பி" என்றாள் குருவியின் அம்மா. "இந்த போன்ல எழுத்து சின்னதாயிடுச்சு. கொஞ்சம் பெருசு பண்ணிக் கொடேன்."

உட்கார்ந்து பெரிதாக்கிக் கொடுத்தான். அதில் வந்திருந்த செய்திகளை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். பதிலும் அடிக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. மறுநாள் சாப்பாடு முடிந்ததும் எழுத்து மறுபடியும் சின்னதாகியிருந்தது. அதற்கு மறுநாளும். பத்தாம் வகுப்புக்கு விடைத்தாள் திருத்தும் டீச்சர் அவள். போனில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாதவள் அல்ல. இவனும் கேட்கவில்லை.

சில நாள் இரண்டு வாய். சில நாள் பாதித் தட்டு. ஒருநாள் எதுவுமே முடியாமல் பருப்பில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். அன்று குருவியும் சாப்பிடவில்லை. "இன்னைக்கு நமக்கு லீவுண்ணா" என்றாள். அவள் அம்மா இருவரையும் ஒரே திட்டில் திட்டினாள். ஒருநாள் கழிப்பறைவரை போய்விட்டான். கதவில் கையை வைத்து நின்றான். திரும்பி வந்தான். அதைப் பாராட்ட அந்த மையத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

பல வாரங்களுக்குப் பிறகு ஒரு மதியம் தட்டு முழுசாகக் காலியாயிற்று. தலைமை நர்ஸ் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கண் கலங்கிவிட்டாள். "சாப்பிட்டுட்டாங்க!" என்று கத்தினாள். கூடமே கைதட்டியது. பரிமாறும் பெண் நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பதினோராம் மேசை நோயாளியின் குணமடைதலை விழாவாகவே எடுத்தார்கள். நாற்காலியை மேடைக்குத் தூக்கிப் போனார்கள். பூங்கொத்தை அதன்மேல் வைத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தப் பெண்மணி வந்த நாள் எனக்கு ஞாபகமில்லை. முகமும் ஞாபகமில்லை. ஆனால் அவர் நோயை நான் அணு அணுவாக அறிவேன். நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, நோயைப் பார்க்கிறோம். அதுதான் எங்கள் வெற்றியின் ரகசியம். கணவரிடமிருந்து எந்த ஒத்துழைப்பும் கிடைக்காமலேயே இவர் மீண்டிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்ததைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. பெண்களுக்கு ஒன்று சொல்வேன். பசியை மதியுங்கள்! நான் மதிப்பதில்லை. அது வேறு விஷயம்."

பலத்த கைதட்டல். தலைமை நர்ஸ் கத்தரியால் நாற்காலியின் ரோஸ் பட்டையை வெட்டி எடுத்தாள். நோயாளி விடுவிக்கப்பட்டாள்.

லிஃப்ட்காரன் பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனான். மஞ்சள் பட்டையைக் காட்டினான். திறக்கவில்லை. வரவேற்பு மேசைக்குப் போனான்.

"பேஷன்ட் எங்க சார்?" என்றாள் வரவேற்புப் பெண்.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க."

"அப்ப அவங்ககூடவே நீங்களும் போயிருக்கணுமே." கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அவங்க கிளம்பிட்டாங்கன்னு காட்டுது. நீங்க மட்டும் உள்ள இருக்கீங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"அவ வரமாட்டா மேடம்."

"எல்லாரும் கோவத்துல இப்படித்தான் சொல்றாங்க. வருவாங்க சார். உக்காருங்க."

அவள் நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னாள். லிஃப்ட்காரன் உட்கார்ந்தான். பாதியில் நின்ற லிஃப்டுகளிலிருந்து எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறான். உள்ளே இருப்பவர்கள் முதலில் கதவைத் தட்டுவார்கள், பிறகு கத்துவார்கள். கொஞ்ச நேரம் போனால் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவனும் கூரையைப் பார்த்தான். ரோஸ்.

மதிய மணி அடித்தது. அப்போதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. வலி என்று நினைத்தான். இல்லை. பல வருஷமாக இந்தப் பக்கம் வராத ஒன்று, விலாசம் மறந்துபோனதுபோல் தயங்கித் தயங்கி வந்து நின்றது. நம்பிக்கை வராமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தான். அது போகவில்லை.

மறுபடி மேசைக்குப் போனான்.

"மேடம், பசிக்குது."

"பேஷன்ட்டுக்கா?"

"எனக்கு."

அவள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேடினாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். "துணையாளுக்குப் பசின்னு போட இதுல இடமே இல்ல சார்."

சாப்பாட்டுக் கூடத்தில் பதினோராம் மேசையை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கமும் தட்டு இல்லை. அவன் அங்கே போய் நின்றான். பின்னால் நாற்காலி ஒன்றைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. குருவி தன் தட்டோடு வந்தாள். ஓரத்து மேசையில் தட்டை வைத்து, எதிரே உட்கார்ந்தாள். அவள் அம்மா தன் டிபன் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள்.

"இது வீட்டுலேர்ந்து வந்த சாப்பாடு. இதுக்கு அவங்க ரூல் எதுவும் கிடையாது. சாப்பிடு தம்பி."

"உங்களுக்கு, டீச்சர்?"

"நான் அப்புறம் பாத்துக்கறேன். பேசாம சாப்பிடு. ஆறிடும்."

சாப்பிட்டான். மண்டைக்குள் பழைய மணி அலறியது. அலறட்டும் என்று சாப்பிட்டான். டப்பா காலியானபோது குருவியின் தட்டில் பாதிக்குமேல் இருந்தது. அவள் ஒரு பருக்கையை விரலால் தள்ளி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். முகம் வெளுத்திருந்தது. இத்தனை நாளும் வாயாடிய வாய் கெட்டியாக மூடியிருந்தது.

தலைமை நர்ஸ் விரைந்து வந்தாள். "இதென்ன கூத்து? பேஷன்ட் மேசை மாறக் கூடாது. சார், உங்களுக்கு இங்க வேலையே இல்ல. சாப்பிட்டாச்சுல்ல? எழுந்திருங்க. போய்க் கை கழுவுங்க."

கூடத்தின் கோடியில் ஆண்கள் கழிப்பறைக் கதவு திறந்தே இருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் வெளிக்கதவு மூடியே இருந்தது.

"போங்கண்ணா" என்றாள் குருவி, தட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு நேரமாகும்."

"நீ முடி" என்றான் லிஃப்ட்காரன். "சேந்து கழுவலாம்."

தலைமை நர்ஸ் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் எழவில்லை. கை காய ஆரம்பித்தது.